கையெழுத்தே போடவில்லை, உரிமை மட்டும் போய்விடுமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் மறைக்கல்வி சொல்லித் தருகிறேன். நாலு பேர் சேர்ந்து பைபிள் கதைகளை மீன், நண்டு பாத்திரங்களாக்கி கார்ட்டூன் செய்கிறோம். பென்டிரைவில் போட்டு விற்க மதுரைக்காரர் ஒருவரிடம் பேசி, முன்பணமும் வாங்கினோம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. இப்போது வேறொருவர் கேட்கிறார். முதல் ஆளோ, "உரிமை எனக்குத்தான், கேஸ் போடுவேன். அமெரிக்காவில் காய்கறி கார்ட்டூன் கம்பெனியே இப்படித்தான் மூழ்கியது" என்கிறார். நிஜமா?

பதில்: மூழ்கியது நிஜம்தான். ஆனால் அவர் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்.

தக்காளியையும் வெள்ளரிக்காயையும் வைத்து 1993-இல் 'வெஜிடேல்ஸ்' தொடங்கிய பிக் ஐடியா கம்பெனி அது. வீடியோக்களை விநியோகித்த லிரிக் ஸ்டுடியோஸோடு ஃபேக்ஸ் போனது, வந்தது. முழு ஒப்பந்தத்தில் மட்டும் கடைசிவரை கையெழுத்து விழவில்லை. பிக் ஐடியா வேறு விநியோகஸ்தரிடம் போனதும் வழக்கு. 2003-இல் டல்லாஸ் ஜூரி ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அகலக்கால் வைத்து, 2002-இல் பைபிளின் யோனா கதையைப் பெரிய படமாகவும் எடுத்துக் கடனில் இருந்த கம்பெனி திவாலாகி, கிளாசிக் மீடியா என்ற இன்னொரு கம்பெனியின் கைக்குப் போனது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கையெழுத்திட்ட ஆவணம் இல்லாமல் முழு உரிமை மாறாது என்று அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. கம்பெனி கைமாறிய பிறகு வந்த நியாயம்! நம் கோர்ட்டுகளின் வேகத்தைச் சொல்லவே வேண்டாம்.

இங்கேயும் சட்டம் அதுதான். 1957 பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுப்பவர் கையெழுத்துப் போடாமல் அது மாறாது. உங்கள் கரையில் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் பிடிக்கிற மீனெல்லாம் அவருக்கே என்பார்களே, அந்தக் கணக்கை இங்கே அந்த மதுரைக்காரர் போடப் பார்ப்பார். செல்லாது. பணத்தை வங்கி வழியாகத் திருப்பிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷார். உரிமையை விற்பது வேறு, பயன்படுத்த அனுமதி தருவது வேறு. அனுமதிக்கான 30-ஆம் பிரிவில் 'எழுத்தில்' என்பது இருக்கிறது; 'கையெழுத்து' என்ற வார்த்தையை 2012 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். எதற்கு இந்தக் குழப்படி என்று தெரியவில்லை. ஆக, வாட்ஸ்அப்பில் "சரிண்ணே, நீங்களே வித்துக்கங்க" என்று அனுப்பியிருந்தால், அதையே அனுமதி என்று அவர் வாதாட இடம் உண்டு. பழைய செய்திகளைத் தேடிப் பாருங்கள், அழித்துவிடாதீர்கள். அப்படி ஏதும் இருந்தால் புதியவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் இந்த புரோக்கர்கள். "காப்பிரைட் பதிந்தால்தான் உரிமை" என்று பயமுறுத்திப் பணம் கறப்பார்கள். பதிவு கட்டாயமே இல்லை. வேண்டுமானால் ஆன்லைனில் நீங்களே செய்யலாம்; இது மாதிரி வீடியோப் படத்துக்கு அரசுக் கட்டணம் 5,000 ரூபாய். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பவரை வாசலோடு அனுப்புங்கள். புது ஒப்பந்தத்தில் காலமும் எல்லையும் எழுதாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு, இந்தியா மட்டும். அதனால்தான் "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்ற வரியை எங்காவது பொடி எழுத்தில் செருகுவார்கள். அதை அடிக்கச் சொல்லி, நாலு பேரும் சேர்ந்தே கையெழுத்திடுங்கள்.