எரிந்து மடியும் செல்களும் புரதம் தராத ஆர்.என்.ஏ.க்களும்

கேள்வி: புரதத்தை உருவாக்காத ஆர்.என்.ஏ.க்கள் அழற்சியோடு நிகழும் செல் இறப்பைக் கட்டுப்படுத்துகின்றன என்று படித்தேன். அது எப்படி? அவற்றையே புற்றுநோய்க்கு மருந்தாக்க முடியாதா?
- முதுகலை மாணவி ஒருவர்

பதில்: நீங்கள் குறிப்பிடும் இறப்புக்குப் பைராப்டோசிஸ் என்று பெயர், கிரேக்க மொழியில் 'பைரோ' என்றால் நெருப்பு. அபாப்டோசிஸ் என்ற மற்றொரு வகைச் செல் இறப்பில் செல் ஓசையின்றிச் சுருங்கி மடிகிறது. இங்கேயோ, கிருமியையோ சேதத்தையோ உணரும் என்.எல்.ஆர்.பி.3 போன்ற புரதங்கள் ஒன்றுகூடிக் காஸ்பேஸ்-1 என்ற நொதியைத் தூண்ட, அது வெட்டும் கேஸ்டெர்மின்-டி புரதத்தின் துண்டுகள் செல் சவ்வில் துளையிடுகின்றன. அத்துளைகள் வழியே இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் வெளியேறி அழற்சியை மூட்ட, செல்லும் உப்பி வெடிக்கிறது.

இந்த நெருப்பின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதுமே நீங்கள் கேட்ட ஆர்.என்.ஏ.க்களின் வேலை. ஏறத்தாழ 22 எழுத்து நீளமே உள்ள மிர்-223 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ., என்.எல்.ஆர்.பி.3க்கான செய்முறையைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் ஒட்டிக்கொண்டு அப்புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது. மாறாக, நீட்1 என்ற நெடு ஆர்.என்.ஏ. அந்தப் புரதக் கூட்டத்தை நிலைநிறுத்திக் காஸ்பேஸ்-1ஐ ஊக்குவிப்பது எலிகளின் விழுங்கு செல்களில் (கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்கள்) காணப்பட்டது. நெடு ஆர்.என்.ஏ.க்கள் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்வதாகச் சொல்லும் கட்டுரைகளும் ஏராளம். ஆனால் ஆய்வகத்தில் செயற்கையாக அளவைப் பெருக்கிக் கண்ட விளைவு உடலுக்குள்ளும் அப்படியே நிகழும் என்று கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு.

புற்றுநோயில் சிக்கல் இன்னும் கூடுகிறது. கேஸ்டெர்மின்-டியின் உறவுப் புரதமான கேஸ்டெர்மின்-இ மிகுந்த புற்றுச் செல்கள் சில வேதிமருந்துகளால் வெடித்து மடிகின்றன. அந்த வெடிப்பு நோய் எதிர்ப்புச் செல்களைக் கட்டிக்குள் அழைத்துவரவும் கூடும். பல புற்றுகள் கேஸ்டெர்மின்-இக்கான மரபணுவை முடக்கிவைத்திருப்பதில் வியப்பில்லை. அதே அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தாலோ கட்டிக்கு அதுவே உரமாகிறது: பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இதய நோயாளிகளிடம் இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் மருந்தைச் சோதித்தபோது, மருந்து பெற்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறைந்திருந்தது 2017இல் வெளியான முடிவுகளில் தெரிந்தது. ஆகவே ஒரு ஆர்.என்.ஏ.வை நல்லது, கெட்டது என்று முத்திரை குத்த முடியாது. எந்தத் திசு, நோயின் எந்தக் கட்டம் என்று கேட்டாக வேண்டும்.

மருந்தாக்கும் முயற்சி ஏற்கெனவே நடந்திருக்கிறது. புற்றைத் தடுக்கும் மிர்-34ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் செயற்கை நகலைக் கொழுப்புக் குமிழ்களில் ஏற்றி நோயாளிகளுக்குச் செலுத்திய முதற்கட்டச் சோதனை, எதிர்ப்பு மண்டலம் சார்ந்த கடுமையான பக்கவிளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. மருந்தைக் கட்டிக்கு மட்டும் கொண்டுசேர்க்கும் வழியைத்தான் ஆய்வாளர்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.