நாகலிங்க மரம்: கேட்டவர்களுக்குப் பதில்

காட்பாடி: மரத்துல ஒரு இலை இல்ல சார், எல்லாம் கொட்டிடுச்சு. பட்டுப்போச்சா?
நுனிக்கிளையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. வருஷத்தில் ஓரிரு முறை மொட்டையாகி, சில நாளில் தளிர்த்துவிடும். மழைக்காட்டு மரம், நம்ம வெயிலுக்குத் தண்ணீர் குறையக்கூடாது. அடிமரத்தில் தொங்கும் குச்சிகளில் மட்டும் அரிவாளை வைக்காதீர்கள்.

குடியாத்தம்: வாசல்ல வைக்கலாமா?
வேண்டாம். காய் தலை பருமன், ஓடு கட்டை மாதிரி. கீழே ஆள் நடமாட்டமே கூடாது.

ஆரணி: பூவில் தேனே இல்லையாமே, வண்டு எதுக்கு வருது?
இதைத்தான் கேட்க வேண்டும்! ஒரு பூவைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் சூல்முடி, அதாவது மகரந்தத்தை வாங்கும் நுனி. அதைச் சுற்றி வளையமாகக் கேசரங்கள், அதாவது மகரந்தம் தரும் இழைகள். ஒரு பக்கத்திலிருந்து நீண்டு, அதன்மேல் படமெடுத்துக் கவிந்த பட்டையிலும் கேசரங்கள். அந்தப் பாம்புப் படம் போன்ற பட்டையில் இருப்பது முளைக்காத மகரந்தம், வண்டுக்குப் போடும் தீனி. பெரிய கருவண்டு அதை அள்ள நடுவில் நுழையும்போது வளையத்து மகரந்தம் முதுகில் அப்பிக்கொள்ளும். அடுத்த பூவுக்கு அது போய்ச் சேரும். இந்தப் பூவெல்லாம் அடிமரத்துக் குச்சிகளில்தான் வரும். அசிங்கமாக இருக்கிறதென்று அவற்றைக் கழித்துவிட்டு, 'பூக்கவே இல்லை' என்று என்னிடம் வராதீர்கள்.

ராணிப்பேட்டை: இலை தோல் வியாதிக்கு ஆகுமா?
சித்த மருத்துவரைக் கேளுங்கள்.

ஆற்காடு: எங்க சிவன் கோயில்ல ஆதிகாலத்து மரம் நிக்குது. வெளிநாட்டு மரம்னு எப்படிச் சொல்றீங்க?
சொந்த ஊர் தென் அமெரிக்கா. ஆப்லே என்ற பிரெஞ்சுக்காரர் கயானா தாவரங்களைப் பற்றி 1775இல் போட்ட நூலில் இது இருக்கிறது. பிரேசில் நட் குடும்பம்.

ஆற்காடு, மறுபடியும்: லிங்கமும் நாகமும் அமெரிக்காக்காரனுக்கு எப்படித் தெரியும்?
பூவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். நடுவை லிங்கமாகவும் கவிந்த பட்டையை நாகமாகவும் பார்த்த கண் நம்முடையது. கோயில் பழசாக இருக்கலாம், மரம் பிறகு வந்தது. மிளகாயும் அந்தப் பக்கத்துச் சரக்குதான், குழம்பில் போடாமலா இருக்கிறோம்? கும்பிடுங்கள், யார் தடுத்தது?

திருப்பத்தூர்: அண்ணே, வீட்டு முன்னாடி...
குடியாத்தத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வாணியம்பாடி: கார் நிறுத்துற இடத்துல நிழலுக்கு?
கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா?

ஆம்பூர்: விதையிலிருந்து வருமா?
வரும். காய் முற்ற ஒரு வருஷத்துக்கு மேலாகும். தானே விழுந்ததை வெட்டவெளியில் உடையுங்கள், நாற்றம் தாங்காது. வெள்ளைச் சதை காற்றுப் பட்டு நீலமாகும், பயப்படாதீர்கள். விதையைக் கழுவி உடனே ஊன்றுங்கள்.