அரவை மில் தூசி: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: குவார்ட்ஸ் அரைக்கும் மில்லில் இருக்கிறேன். எங்கள் இடத்தில் தூசி கண்ணுக்கே தெரியாது. பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும். பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வந்துவிடும். நுரையீரலின் அடிவரை இறங்குவது பெரும்பாலும் 4 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள். குவார்ட்ஸ் என்பது சிலிக்காவின் ஒரு வடிவம். அமெரிக்காவில் அந்தச் சிலிக்கா தூசிக்கு 8 மணி நேரச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். அதைத் தாண்டினாலும் காற்று தெளிவாகத்தான் தெரியும். இடுப்பில் காற்றை உறிஞ்சும் சின்ன பம்ப், காலரில் ஃபில்டர் மாட்டி ஒரு முழு ஷிஃப்ட் அளக்கச் சொல்லுங்கள். மேனேஜர் ஆபீஸ் வாசலில் வைத்து அளந்த கணக்கு உங்களுக்கு உதவாது.

கேள்வி: முகத்தில் துண்டு கட்டினால் போதுமா சார்?

பதில்: போதாது. என்95 மாஸ்க்கூட முகத்தோடு ஒட்டினால்தான் பலன். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். அதைவிட, மாஸ்க் கடைசிக் காவல்தான். முதலில் தூசி கிளம்பும் இடத்தைப் பாருங்கள்: டிரில்லுக்குத் தண்ணீர், கிரஷருக்கு மூடி, கன்வேயரிலிருந்து பொடி விழும் இடத்திலும் மூட்டை பிடிக்கும் வாயிலும் உறிஞ்சு குழாய். அப்புறம், வேலை முடிந்ததும் கம்ப்ரசர் காற்றை உடம்பில் அடித்துச் சட்டையைச் சுத்தம் செய்யும் பழக்கம்! படிந்த தூசியை மூக்குக்கு நேரே கிளப்பிவிடுகிற வேலை அது. வாக்குவம் கிளீனர் கேளுங்கள், அதுவும் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதாக.

கேள்வி: நாங்கள் அரைப்பது டால்க், அதாவது முகப் பவுடருக்கும் போகும் மென்மையான கல். அதில் சிலிக்கா இல்லையே?

பதில்: கூடவே என்ன கலந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. சில டால்க் படிவுகளில் குவார்ட்ஸ் இருக்கும். சிலவற்றில் டிரெமோலைட் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும், அது நுரையீரலைக் கெடுக்கும் நார் போன்ற கனிமம். கலப்படம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து லிப்பி ஊரில் தோண்டியது டால்க் அல்ல, வெர்மிகுலைட் என்ற வேறொரு கனிமம். அதில் கலந்திருந்த ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளோடு ஊர்க்காரர்களையும் நோயாளியாக்கியது. சரக்கின் லேப் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பால் மில் (உள்ளே குண்டுகள் உருண்டு அரைக்கும் டிரம்) சத்தம் எவ்வளவு தாங்கலாம்?

பதில்: 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் வரைதான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

கேள்வி: ஆறு வருட சர்வீஸ். எக்ஸ்ரே நார்மல். தப்பித்தேனா?

பதில்: இப்போதைக்கு நல்ல செய்தி. ஆனால் சாதாரண சிலிகோசிஸ் (சிலிக்கா தூசியால் நுரையீரல் தழும்பேறும் நோய்) தலைகாட்டப் பத்து வருடத்துக்கு மேல் ஆகலாம். வேலையை விட்ட பிறகும் வரலாம். தூசி மிக அதிகமென்றால் சில மாதங்களிலேயே வரும். குணப்படுத்த மருந்து கிடையாது. பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேண்டும். இருமல் சில வாரம் நீடித்தால் காசநோய்க்கும் சோதிக்கச் சொல்லுங்கள், சிலிக்கா படிந்த நுரையீரலை அது எளிதில் பிடிக்கும்.