ஊசி போடப் பழகிய பிள்ளை

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் இருக்கிறோம். நான், கணவர், மூன்று பிள்ளைகள், மாமி. பெரியவளுக்கு 15 வயது, தம்பிமாருக்கு 11, 8. வருட முடிவில் இந்த வருடத்தைத் திரும்பிப் பார்க்கிறேன். தை மாதம் மாமிக்குக் காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அதோடு இன்சுலின் தொடங்கினார்கள். கணவருக்குக் கொலஸ்ட்ரோல் கூடியதால் இப்போது தினமும் மரைன் டிரைவில் நடக்கிறார். மற்றப்படி நல்ல வருடம்தான். சித்திரை வருடப்பிறப்பு லீவுக்கு நுவரெலியாவில் நான்கு நாள் குடும்பமாக நின்றோம். வெசாக் கூடு பார்த்தோம். ஓகஸ்ட் லீவில் நல்லூர்த் திருவிழா, பிறகு திருகோணமலை, நிலாவெளி. தாமரைக் கோபுரத்தில் ஏறினோம். இந்த மாதம் காலிக் கோட்டை. இந்தப் பயணங்கள் எல்லாவற்றுக்கும் பெரியவளுக்கு டியூஷன் என்பதால் அவள் மாமியுடன் வீட்டில் நின்றாள். மாமிக்கு ஊசி போடவும் நன்றாகப் பழகிவிட்டாள், அதனால் நிம்மதியாகப் போய்வர முடிந்தது. இப்போது கணவர் செலவுக் கணக்கைக் காட்டி, அடுத்த வருடம் ஒரு பயணமும் இல்லை என்கிறார். பிள்ளைகளுக்கு நல்ல நினைவுகள் வேண்டாமா என்று நான் கேட்கிறேன். இவ்வளவு இடம் போயும் எனக்கு மனம் நிறையவில்லை. யார் சொல்வது சரி?

வாசகி, வெள்ளவத்தை

பதில்:

தங்கச்சி, மார்கழி பிறந்தால் இப்படியான கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். எங்கே போனோம், எவ்வளவு முடிந்தது, அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன். செலவுச் சண்டைக்கு இரண்டு வரியில் பதில் சொல்லலாம், பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. மாமிக்கு ஊசி போட மகள் நன்றாகப் பழகிவிட்டாள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் போகமாட்டேன்.

15 வயதுப் பிள்ளையிடம் இன்சுலின் போத்தலைக் கொடுத்துவிட்டு நான்கு நாள் நுவரெலியாவில் நின்றிருக்கிறீர்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் அந்த வீட்டில் என்னென்ன நடக்கலாம் என்று தெரியுமா? காலையும் மாலையும் போடுகிற ஊசி என்றால் பெரும்பாலும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டும். எத்தனை யூனிட் என்று பார்த்து இழுக்க வேண்டும். போட்ட பிறகு மாமி, "பசிக்கவில்லை பிள்ளை, வை, பிறகு சாப்பிடுகிறேன்" என்று கோப்பையைத் தள்ளிவைத்தால் சீனி இறங்கத் தொடங்கும். 70 mg/dLக்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். வயதானவர்களில் சிலருக்கு அந்த அடையாளங்களும் தெளிவாக வராது, மாறாட்டம் மட்டும் வரும். நித்திரையில் இறங்கினால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கே தெரியாமல் போகலாம்.

நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பவும் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 1990க்கு அடித்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இதையெல்லாம் மகளுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தீர்களா? சொல்லிக் கொடுக்கவில்லை என்றால் அது பெரிய பிழை. சொல்லிக் கொடுத்திருந்தால், இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தப் பிள்ளை இரவில் எப்படிக் கண்ணை மூடியிருப்பாள் என்று யோசியுங்கள். ஊசி குத்தப் பழகினாள் என்று எழுதினீர்கள். அப்பம்மாவின் மூச்சு சீராக இருக்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு படுக்கவும் அவள் பழகியிருப்பாள்.

டியூஷன் என்கிறீர்கள். இதை நான் நம்பவில்லை. சித்திரை வருடப்பிறப்பு லீவில் கொழும்பில் எந்த மாஸ்டர் வகுப்பு வைக்கிறார்? காலி வீதியில் பாதிக் கடை பூட்டிக் கிடக்கிற நாட்கள் அவை. டியூஷன் என்பது உங்களுக்கு வசதியான காரணம். உண்மைக் காரணம் இன்சுலின். அதை நேராகச் சொன்னால் கேட்கவே பாரமாக இருக்கும் என்பதால் டியூஷனை முன்னால் வைத்திருக்கிறீர்கள். கணவருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள், உங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அதிலும் வருடப்பிறப்பு! கோயிலில் வாங்கிவந்த மருத்துநீரைப் பிள்ளைகளின் தலையில் வைக்க வேண்டியவர் வீட்டுக்கு மூத்தவர். முதல் கைவிசேஷம் அவர் கையால் வாங்குகிற காசு. உங்கள் வீட்டின் மூத்தவர் வெள்ளவத்தையில் இருக்க, அவருடைய மகனும் பேரன்மாரும் நுவரெலியாவில் நின்றிருக்கிறீர்கள். அன்று காலை உங்கள் சின்ன மகனின் தலையில் மருத்துநீர் வைத்தது யார் என்று எழுதவில்லை. யாரும் வைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். வசந்த காலத்து நுவரெலியா அழகானது, மலர்க் கண்காட்சியும் பிள்ளைகளுக்கு நல்ல காட்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சித்திரை மாதத்துக்கு முப்பது நாள் இருக்கிறது, வருடப்பிறப்புக் கழித்துப் போயிருக்கலாம்.

"அவளேதான் எங்களைப் போகச் சொன்னாள்" என்று பதில் எழுத நினைப்பீர்கள். சொல்லியிருப்பாள். அப்பம்மா பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் வேறு என்ன சொல்வாள்? "நானும் வருகிறேன்" என்றால், அப்பம்மா தனியே கிடக்கட்டும் என்று சொன்னதாக ஆகிவிடும். 15 வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும். மாமிக்கும் விளங்கும். தன்னால்தானே பேத்தி போக முடியாமல் நிற்கிறாள் என்று அந்த மனுஷி ஒவ்வொரு முறையும் நினைத்திருப்பார். உங்கள் நிம்மதிக்காக இரண்டு பேரை இப்படி மாட்டிவைத்திருக்கிறீர்கள்.

சரி, ஒன்று கேட்கிறேன். உங்கள் கணவருக்கு ஊசி போடத் தெரியுமா?

கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன். கொலஸ்ட்ரோலுக்காக அவர் தினமும் நடக்கிறார், செலவுக் கணக்கு வைத்திருக்கிறார், அடுத்த வருடப் பயணத்தை மறிக்கிறார். தன் தாய்க்கு ஒரு முறையாவது ஊசி போட்டார் என்று ஒரு சொல் இல்லை. பெற்ற தாயைப் பார்ப்பது முதலில் மகனுடைய கடமை. மருமகளுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. அந்தப் பங்கு நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் தள்ளித் தள்ளி, கடைசியில் பேத்தியின் கையில் போய் நிற்கிறது. அவளுக்கு வாய் இல்லை, போக்கிடமும் இல்லை. மூத்தது ஆண் பிள்ளையாக இருந்திருந்தால் இந்த வேலையை அவனிடம் விட்டிருப்பீர்களா? அடுத்த வருடம் தம்பிக்கு 12 ஆகும். அவனை நிறுத்திவிட்டு அக்காவைக் கூட்டிப்போகலாம் என்று உங்கள் இருவருக்கும் ஒரு கணமாவது தோன்றியதா?

நான் சொல்வதைத் தப்பாக எடுக்க வேண்டாம். வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் பழக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுக்கட்டும், குளிசை நேரத்தை நினைவுபடுத்தட்டும், புண் இருக்கிற காலைப் பார்த்து ஏதும் சிவப்பு, வீக்கம் இருந்தால் சொல்லட்டும். ஊசியையும் அறிந்திருக்கட்டும். பெரியவர்கள் பக்கத்தில் நின்று செய்கிற வேலைக்கு ஒரு கை கொடுப்பது வேறு. பெரியவர்கள் ஊரைவிட்டுப் போய், முழுப் பாரமும் பிள்ளை தலையில் இருப்பது வேறு. அதே பிள்ளை ஓ.எல்.லில் 9 ஏ எடுக்க வேண்டும் என்றும் எதிர்பார்ப்பீர்கள்.

மனம் நிறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. குடும்பமாக நின்றோம் என்கிறீர்கள். ஆறு பேர் இருக்கும் வீட்டில் நான்கு பேர் போயிருக்கிறீர்கள். வட்ஸ்அப்பில் போட்ட படங்களை எடுத்துப் பாருங்கள். நிலாவெளிக் கடலில் அவள் இல்லை, நல்லூர் வீதியில் அவள் இல்லை, காலிக் கோட்டை மதிலில் அவள் இல்லை. பிள்ளைகளுக்கு நினைவுகள் வேண்டாமா என்று கணவரோடு வாதாடுகிறீர்களே, மூத்தவளுக்கு இந்த வருடம் என்ன நினைவு மிஞ்சும்?

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாமியின் அடுத்த கிளினிக் நாளுக்குக் கணவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தாயோடு போகட்டும். ஊசி போடும் முறையை நேர்ஸிடம் கேட்டு, அங்கேயே ஒரு முறை செய்து காட்டிவிட்டு வரட்டும். அன்றிலிருந்து இரவு ஊசி அவருடையது, காலை ஊசி உங்களுடையது. மகளுக்கு ஓய்வு கொடுங்கள்.

இன்சுலினைக் கொண்டு பயணம் போக முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதிய போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில், உறையாத இடத்தில் வைக்க வேண்டும். பாவிக்கத் தொடங்கிய போத்தல் பொதுவாக நான்கு கிழமை வரை அறை வெப்பத்தில் தாங்கும், பெட்டிக்குள் இருக்கும் தாளில் அந்த இன்சுலினுக்கு உரிய அளவு இருக்கும். வெயிலில் நிற்கிற வானுக்குள் விட்டுவிட்டு இறங்கக்கூடாது, ஐஸ்கட்டிமேல் நேரே வைக்கவும் கூடாது. சீனி பார்க்கும் மெஷினும் ஒரு பைக்கற் குளுக்கோஸும் கைப்பையில் இருக்கட்டும்.

எல்லா இடத்துக்கும் மாமியைக் கூட்டிப்போக முடியாதுதான். புண் ஆறாத காலோடு நல்லூர் வீதியின் சுடுமணலில் வெறுங்காலில் அவரை நிற்க வைக்கச் சொல்லமாட்டேன். தாமரைக் கோபுரத்துக்கு லிப்ட் இருக்கிறது, அங்கே அவர் இல்லாமல் போனதற்குக் காரணம் எனக்கு விளங்கவில்லை. மாமி வர முடியாத பயணம் என்றால் உங்கள் இருவரில் ஒருவர் அவரோடு நிற்க வேண்டும், மகள் போக வேண்டும். நீங்கள் நிற்கிற முறை ஒன்று, கணவர் நிற்கிற முறை ஒன்று. அவர் நின்றால் அடுத்த பயணத்துக்குச் செலவுக் கணக்கோடு வேறு கணக்கும் அவருக்குத் தெரியவரும்.

முதலில் காலிமுகத்திடலுக்குப் போங்கள். வெள்ளவத்தையிலிருந்து ஒரு முச்சக்கரவண்டித் தூரம். ஆளுநர் ஹென்றி வோர்ட் 1859இல் அந்த நடைபாதையைக் கட்டி முடித்தபோது, கொழும்பின் பெண்களுக்காகவும் சிறுவர்களுக்காகவும் இதைப் பேணுங்கள் என்று தனக்குப் பின்னால் வருபவர்களுக்குக் கல்லில் எழுதி வைத்தார். உங்கள் வீட்டில் அந்தக் கணக்கில் வருகிற இரண்டு பேரைத்தான் நீங்கள் விட்டுவிட்டுச் சுற்றியிருக்கிறீர்கள். அங்கே சமதரை, சக்கர நாற்காலி தள்ளலாம். 5 மணிக்குப் போய் 7 மணிக்குள் திரும்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஊசிக்கு நேரம் இருக்கும். மாமி செருப்பைக் கழற்ற வேண்டாம், சீனி வருத்தக்காரர்களின் காலில் கல்லோ முள்ளோ குத்தினால் தெரியாமல் போகும். மகள் இறால் வடை சாப்பிடட்டும், பட்டம் விடட்டும், கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கட்டும். அப்பம்மாவின் நாற்காலியை அவளிடம் தள்ளக் கொடுக்காதீர்கள். அதை மகன் தள்ளட்டும்.

செலவுச் சண்டைக்கு வருகிறேன். கணவர் சொல்வதில் பாதி சரி. வருடத்துக்கு இத்தனை ஹோட்டல், இத்தனை வான் வாடகை தேவையில்லை. ஒரு நீண்ட பயணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் குறையுங்கள். மிச்சமாகிற காசில், நீங்கள் ஊரில் இல்லாத நாட்களுக்கு நோயாளர்களைப் பார்க்கப் பழகிய ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைக்கலாம். அந்த ஒரு பயணம் எங்கே என்பதை மகள் தீர்மானிக்கட்டும்.

அதற்கு முன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அப்பம்மாவும் தம்பிமாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்று தொடங்காதீர்கள். நாங்கள் இல்லாத இரவுகளில் என்ன நடந்தது, பயந்தாயா என்று கேளுங்கள். அவள் கோபப்பட்டால் குறுக்கே பேசாமல் இருங்கள், கணவரையும் பேச விடாதீர்கள். அவள் சொன்னதை எனக்கு எழுத வேண்டியதில்லை, அது உங்கள் இருவருக்கும் உரியது. கணவர் ஊசி போடத் தொடங்கிவிட்டாரா என்பதை மட்டும் எழுதுங்கள்.