ஐந்து துளைகள் உள்ள தாளும் அரை ஏக்கர் மாந்தோப்பும்

பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து தாய், மகள், தாய்மாமன் ஆகிய மூவரும் ஜூன் மாத நடுவில் கல்வி ஆலோசகனான என்னைத் தேடி வந்தார்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருந்தாள். நீட் தேர்வில் வாங்கிய மதிப்பெண் எந்தக் கல்லூரிக்கும் பக்கத்தில்கூட வரவில்லை. நாமக்கல் பக்கத்துப் பயிற்சி மையம் ஒன்றில் விடுதியோடு சேர்த்து ஓராண்டு படிக்க வைப்பது என்றும், அதற்காக அரை ஏக்கர் மாந்தோப்பை விற்பது என்றும் மாமன் முடிவு செய்திருந்தார். லாரி ஓட்டுநரான தந்தை நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். “மச்சான் சொல்றபடி செய்யுங்க” என்று கைப்பேசியில் சொல்லிவிட்டாராம். தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வழக்கமாக இப்படி வருகிறவர்களிடம் முதல் பத்து நிமிடம் ஆறுதல் சொல்வேன். அன்று அது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மதிப்பெண் பட்டியலில் இயற்பியல் 91, உயிரியல் 58 என்று இருந்தது. உயிரியல் பிரிவில் சேர்த்தது யார் என்று கேட்டபோது மூவருமே பேசவில்லை.

மறுமுயற்சி என்பதே தவறு என்று நான் சொல்வதில்லை. மயிரிழையில் இடத்தைத் தவறவிட்ட, உயிரியலை விரும்பிப் படிக்கிற பிள்ளைக்கு இன்னோர் ஆண்டு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு அவ்விரண்டும் இல்லை. ஊரார் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வேண்டும் என்பதற்காகத் தோப்பை விற்பது படிப்புச் செலவே அல்ல, அது உறவினர்களுக்குக் கட்டுகிற மொய். விற்ற தோப்பு திரும்பி வராது என்பதை மாமனுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவரே மாங்கூழ் ஆலைக்கு லோடு அனுப்புகிறவர்.

பொறியியல், செவிலியம், துணைமருத்துவப் படிப்புகள் ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அவற்றை விட்டுவிட்டு, அன்று அந்தப் பெண்ணின் கோப்பிலிருந்து நழுவி விழுந்த ஒரு தாளைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். அது என்.சி.சி. (தேசிய மாணவர் படை) முகாமில் சுட்ட இலக்குத் தாள். 25 கெஜ தூரத்தில், படுத்த நிலையில், .22 ரைஃபிளால் சுட்ட ஐந்து துளைகளும் கறுப்பு வட்டத்துக்குக் கீழே இடப்புறமாக, ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய இடத்துக்குள் இருந்தன.

மாமன் அதை எட்டிப் பார்த்துவிட்டு, “நடுவுல ஒண்ணுகூடப் படலையே சார்” என்றார்.

நடுவில் படாதது குறையே அல்ல. சுடுகிறவருடைய திறமையைக் காட்டுவது துளைகளின் நெருக்கம்; அதைத்தான் குரூப்பிங் என்கிறார்கள். துளைகள் ஒன்றாகச் சேர்ந்து விலகியிருந்தால் பார்வைக் குறியின் திருகைச் சில ‘கிளிக்’ திருப்பி மொத்தக் கூட்டத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒன்று நடுவிலும் மற்றவை நாலா திசையிலும் கிடந்தால் எந்தத் திருகும் உதவாது. முகாமில் பலர் கை வைத்துப் பழகிய ரைஃபிளில், சில நாள் பயிற்சியில், ஒரு பதினேழு வயதுப் பெண் இப்படிச் சுட்டிருக்கிறாள் என்றால் அதை விசாரிக்காமல் விடுவது ஆலோசகனுக்கு அழகல்ல.

அடுத்து வந்தது அச்சம். “துப்பாக்கின்னா போலீஸ் கேஸ் ஆயிடுமே” என்றார் தாய். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலையோர ஊர்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அறிவிப்பதையும், வைத்திருந்தவர்கள் கைதாவதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். விளையாட்டுத் துப்பாக்கியின் கதை வேறு. 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் அளவு 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டிகளில் பயன்படும் 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிளின் ஆற்றல் ஏறத்தாழ 8 ஜூல்தான். .22 ரைஃபிளுக்கு உரிமம் கட்டாயம், அதையும் 21 வயது நிறைந்த பிறகே பெற முடியும். அதுவரை சங்கத்திலோ என்.சி.சி.யிலோ பயிற்றுநரின் கண்காணிப்பில்தான் சுடலாம். வீட்டில் ஏர் ரைஃபிள் இருக்கிறதே என்று தோப்பில் கிளி விரட்டப் புறப்பட்டால் மட்டும் தாய் சொன்ன வழக்கு உண்மையாகவே வரும், ஏனென்றால் பச்சைக்கிளி 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்படுகிற பறவை.

பத்து மீட்டரில் சுடுவதற்கும் அதைத் தாண்டிச் சுடுவதற்கும் என்ன வேறுபாடு என்பதைப் பெற்றோர் புரிந்துகொண்டால்தான் இது பொழுதுபோக்கா படிப்பா என்பது விளங்கும். ஏர் ரைஃபிள் போட்டியில் இலக்கு 10 மீட்டரில் இருக்கும். அதன் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர் அகலம், பேனா முனையால் வைத்த புள்ளி அளவுதான். 60 குண்டுகளை 75 நிமிடத்தில் சுட்டு முடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உச்ச மதிப்பெண் 10.9, ஆகவே மொத்தம் 654. அடுத்தது 50 மீட்டர் .22 ரைஃபிள் போட்டி. மண்டியிட்டும் படுத்தும் நின்றும் நிலைக்கு 20 குண்டுகள் வீதம் சுட வேண்டும், இங்கே பத்து மதிப்பெண் வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். அதற்கும் அப்பால் 300 மீட்டர் இருக்கிறது; 1972 க்குப் பிறகு அது ஒலிம்பிக்கில் இல்லை என்றாலும் உலகப் போட்டிகளில் தொடர்கிறது.

ரைஃபிளின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டரில் பன்னிரண்டரை மில்லிமீட்டரும், 50 மீட்டரில் ஆறு சென்டிமீட்டருக்கு மேலும், 300 மீட்டரில் முப்பத்தேழரை சென்டிமீட்டரும் தவறும். இது பத்தாம் வகுப்பு வடிவியல்தான். கூடவே புவியீர்ப்பும் வேலை செய்கிறது. நொடிக்கு 320 மீட்டர் வேகத்தில் கிளம்பும் .22 குண்டு 50 மீட்டரைக் கடக்க எடுக்கிற நேரத்துக்குள் பன்னிரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே விழுகிறது. குழல் அந்த அளவுக்கு மேல்நோக்கி இருக்கும்படி குறியை முன்கூட்டியே திருத்தி வைத்திருப்பதால்தான் நடுவில் படுகிறது. தூரம் மாறினால் திருத்தமும் மாறும். இயற்பியலில் 91 வாங்கிய பெண்ணுக்கு இதை நான் பாதி சொல்வதற்குள் மீதியை அவளே சொல்லிவிட்டாள்.

கணக்குக்கு அடங்காதது காற்று. மணிக்கு பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று, 50 மீட்டரில் .22 குண்டை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். பத்து வளையமோ ஒரு சென்டிமீட்டர்தான். அதனால்தான் 50 மீட்டர் ரேஞ்சில் (சுடுதளத்தில்) 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் சிறு காற்றுக்கொடிகளை நட்டு வைக்கிறார்கள். கொடி எந்தப் பக்கம், எவ்வளவு படபடக்கிறது என்று பார்த்து, அது மீண்டும் பழைய நிலைக்கு வரும்வரை விசையை அழுத்தாமல் காத்திருக்கத் தெரிந்தவர்தான் தேறுவார். ஆடி மாதத்தில் நம் பக்கம் வீசுகிற காற்றில் மாமன் தோப்புக்கு மருந்து அடிக்கப் போவதில்லை, காற்று ஓயும் வேளைக்குக் காத்திருக்கிறார். ஆகவே அவருக்கு இது உடனே பிடிபட்டது.

அரை மணி நேரமாக வாய் திறக்காத அந்தப் பெண் இந்த இடத்தில்தான் பேசத் தொடங்கினாள். இலக்கைப் பார்த்துப் படுத்த பிறகு கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமாம். இரண்டு மூச்சு விட்டுவிட்டுத் திறந்தால் துப்பாக்கி தானாக எங்கே நிற்கிறதோ அதுதான் உடம்பு போக விரும்புகிற இடமாம். அது இலக்கை விட்டு விலகியிருந்தால் கையால் இழுத்துப் பிடிக்கக்கூடாது, உடம்பையே கொஞ்சம் நகர்த்திப் படுக்க வேண்டும், கையால் இழுத்தால் விசையை அழுத்தும் கணத்தில் அது பழைய இடத்துக்கே ஓடிவிடும் என்றாள். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு இழுப்பதற்கு முன் வருகிற இயல்பான இடைவெளியில் சுட வேண்டும். அந்தச் சில நொடிக்குள் முடியாவிட்டால் பிடிவாதம் பிடிக்காமல் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்திக்கொண்டே போனால் வெடிக்கும் கணம் நமக்கே தெரியாது. வெடித்த பிறகும் குறியிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது. பயிற்றுநர் ஒருமுறை சொன்னதை இவ்வளவு துல்லியமாக வைத்திருக்கிற இவள், தவளையின் இரத்த ஓட்டத்தை இரண்டு ஆண்டு படித்தும் வரிசையாகச் சொல்ல மாட்டாள் என்று தாயே சொன்னார்.

என் பரிந்துரை இதுதான். பெண்களையும் சேர்த்துக்கொள்கிற என்.சி.சி. பிரிவு உள்ள அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல். கல்லூரியைத் தேர்வதற்கு முன்பே என்.சி.சி. இடம் உண்டா என்று அங்கே நேரில் போய்க் கேட்க வேண்டும்; முதலாண்டின் தொடக்கத்தில் சேர்க்கை நடக்கும், அப்போது தவறினால் மூன்று ஆண்டும் கைவிட்டுப் போகும். இரண்டாம் ஆண்டில் ‘பி’ சான்றிதழ், மூன்றாம் ஆண்டில் ‘சி’. நன்றாகச் சுடுகிறவர்களை என்.சி.சி.யே மாநில அளவுக்கும், பிறகு இயக்ககங்களுக்கு இடையிலான துப்பாக்கி சுடும் போட்டிக்கும் எடுத்துக்கொண்டு போகிறது. துப்பாக்கி, குண்டு, பயணம் எதற்கும் பெற்றோர் பணம் எடுக்க வேண்டியதில்லை. அங்கே தேறினால் தகுதிச் சுற்றான மவ்லங்கர் போட்டியும், அதில் தகுதி மதிப்பெண் எடுத்தால் தேசியப் போட்டியும் திறக்கும்.

வேலை எங்கே இருக்கிறது என்று மாமன் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ தரமும் பட்டத்தில் 50 விழுக்காடும் உள்ளவர், 19 முதல் 25 வயதுக்குள் இராணுவ அதிகாரிப் பணிக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி. (படைப் பணித் தேர்வு வாரிய) நேர்காணலுக்குப் போகலாம், பெண்களுக்கும் இது உண்டு. தேர்வானால் பரங்கிமலையில் 49 வாரப் பயிற்சி, பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. அது கிடைக்கவில்லை என்றால், மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வில் ‘சி’ சான்றிதழுக்கு 5 விழுக்காடு கூடுதல் மதிப்பெண் தருகிறார்கள். 2024 முதல் அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். விளையாட்டில் உயர்ந்தால் இரயில்வே போன்ற இடங்களின் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, அப்போது இரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். இவை எதுவும் அமையாவிட்டாலும் இயற்பியல் பட்டம் கையில் இருக்கும். ஆனால் ஊர்ச் சங்கம் கொடுக்கிற பங்கேற்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒதுக்கீடு கேட்க முடியாது. மாநிலத்துக்காகத் தேசிய அளவில் ஆடியிருக்க வேண்டும். பெரும்பாலோர் அந்த அளவை எட்டுவதில்லை.

இதைக் கேட்டவுடன் மாமனின் முகம் மாறியது. “அப்ப நல்ல ரைஃபிளா ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாமா?” என்றார். இதற்கு நான் கொடுத்த பதில் நீட் மறுமுயற்சிக்குக் கொடுத்ததைவிடக் கடுமையானது. வெளிநாட்டுப் போட்டி ஏர் ரைஃபிள் இரண்டு இலட்சத்தைத் தாண்டும்; கோட்டும் காற்சட்டையும் காலணியும் கையுறையும் தனி. ஒரு நாளைக்கு நூறு பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) சுட்டால் 500 அடங்கிய ஒரு டப்பா ஐந்து நாளில் காலி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை நகைக்கடன் வாங்கி மகனுக்கு ரைஃபிள் வாங்கிக் கொடுத்தார். எட்டு மாதத்தில் பையனுக்கு ஆர்வம் போய்விட்டது, ரைஃபிள் கட்டிலுக்கடியில் கிடக்கிறது, வட்டி மட்டும் ஓடியது. அன்று நான் தடுத்திருக்க வேண்டும். பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ரைஃபிள் வாங்கக்கூடாது, கடன் கூடாது, தோப்பை விற்கக்கூடாது. விடுமுறையில் பெங்களூரு ரேஞ்ச் ஒன்றில் அவர்களுடைய ரைஃபிளையே மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பழகலாம். ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை இப்போதே எழுதி வைத்துவிட்டு அதைத் தாண்டக்கூடாது. வீட்டில் துப்பாக்கியே இல்லாமல் செய்யக்கூடிய பயிற்சிகள் இருக்கின்றன: ஒற்றைக் காலில் அசையாமல் நிற்பது, முதுகுக்கும் இடுப்புக்குமான உடற்பயிற்சி, மூச்சுப் பழக்கம். சுட்ட ஒவ்வொரு நாளும் காற்று, நிலை, மதிப்பெண், மனநிலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் ரைஃபிளைப் பற்றிப் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன். நோட்டு பாதியில் நின்றிருந்தால் பேச்சே இல்லை. அந்தப் பெண்ணிடமும் இதைத் தனியாகச் சொன்னேன். அவள் தலையசைத்தாள், வாக்குக் கொடுக்கவில்லை. அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

மாமன் அந்தத் தாளை மறுபடி கையில் வாங்கி, சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துத் துளைகளின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரிக் கலந்தாய்வுக்கு ஆறு நாள்தான் இருந்தது. சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் எடுத்தாயிற்றா என்று கேட்டேன். வருமானச் சான்றிதழுக்கு இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை என்றார் தாய். பேருந்து ஏறுவதற்கு முன் இ-சேவை மையத்துக்குப் போய்விட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.