ஸ்கேன் கேள்வி-பதில்: மூளையில் கசிந்த ரத்தமும் மூலக்கூறு எம்.ஆர்.ஐ.யும்

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. பி.பி. மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டார். வலது கை, கால் விழுந்துவிட்டது. மூளையின் ஆழத்தில் ரத்தக்கசிவாம். இரண்டு நாளில் மூன்று சி.டி. எடுத்துவிட்டார்கள். மூலக்கூறு எம்.ஆர்.ஐ. என்று புதிதாக வந்திருக்கிறதாமே, அது இருக்கும் ஊருக்கு மாற்றலாமா? – கரூர் வாசகர்

பதில்: மாற்ற வேண்டாம். இப்போது எடுக்க வேண்டிய முடிவுகளுக்கு சி.டி.யே போதும். புது ரத்தம் அதில் 50 முதல் 70 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு (சி.டி.யில் அடர்த்தியைச் சொல்லும் அளவு) வரை பளிச்சென்று தெரியும். மூளைத் திசு பெரும்பாலும் 40-ஐத் தாண்டாது. சில நிமிடங்களில் வேலை முடியும். எம்.ஆர்.ஐ. என்றால் நெடுநேரம் அசையாமல் படுக்க வேண்டும். வாந்தியும் அரைமயக்கமுமாக இருப்பவரை அந்தக் குழாய்க்குள் வைத்துக் கவனிப்பது லேசான காரியமில்லை.

மூன்று முறை எடுத்ததில் தவறும் இல்லை. கசிவு வளர்கிறதா என்று பார்க்கத்தான் எடுக்கிறார்கள். ரத்தக்கட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஏறக்குறைய அதன் அளவு மி.லி.யில் கிடைக்கும். 4 × 3 × 3 என்றால் 18 மி.லி. அடுத்த ஸ்கேனில் 6 மி.லி.க்கு மேலோ, மூன்றில் ஒரு பங்குக்கு மேலோ கூடியிருந்தால் வளர்கிறது என்று பொருள். டாக்டரிடம் "முதல் ஸ்கேனில் எத்தனை மி.லி., இப்போது எத்தனை?" என்று கேளுங்கள். மேல் பி.பி. 140-ஐ ஒட்டி நிற்கிறதா என்பதையும், ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிட்டு வந்தாரா என்பதை டாக்டரிடம் சொல்லியாயிற்றா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஊர் மாற்றி அலைவதைவிட இவைதான் முக்கியம்.

கேள்வி: மூலக்கூறு எம்.ஆர்.ஐ. அப்படி எதைத்தான் கூடுதலாகக் காட்டுகிறது? – நாகர்கோவில் வாசகி

பதில்: வழக்கமான எம்.ஆர்.ஐ. தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனிடமிருந்து வரும் சிக்னலைப் படமாக்குகிறது. புரதங்கள் அதற்கு நேரடியாகத் தெரியாது. மூலக்கூறு முறைகளில் மருத்துவமனை வரை வந்திருப்பது அமைடு புரோட்டான் மாற்றப் படம், சுருக்கமாக ஏ.பி.டி. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜின்யுவான் சோவும் சக ஆய்வாளர்களும் 2003-ல் வெளியிட்ட முறை இது. ஊசி, மருந்து எதுவும் கிடையாது.

புரதத்தின் அமைடு ஹைட்ரஜன், தண்ணீர் ஹைட்ரஜனிலிருந்து 3.5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 3.5 பங்கு) தள்ளிய அலைவரிசையில் அதிரும். 3 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) மெஷினில் இது சுமார் 447 ஹெர்ட்ஸ். அந்த அலைவரிசையில் இரண்டு விநாடி போல ரேடியோ அலை கொடுத்து அதன் சிக்னலை அடக்குகிறார்கள். அமைடு ஹைட்ரஜன் ஒரு விநாடிக்குச் சுமார் 30 முறை தண்ணீருடன் இடம் மாறும். மாறும்போதெல்லாம் அந்த அடக்கமும் தண்ணீருக்குப் போய்ச் சேர, தண்ணீரின் சிக்னல் சில சதவீதம் குறைகிறது. எதிர்ப்பக்கம் –3.5-லும் இதேபோல எடுத்துக் கழித்தால் மிஞ்சுவதே படம்.

கசிந்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் உட்படப் புரதம் ஏராளம், ஆகவே அந்த இடம் பளிச்சென்று வரும். ரத்தம் கிடைக்காமல் வாடும் திசு அமிலமாகும். அமிலத்தில் இடமாற்றம் மந்தமாவதால் அந்த இடம் இருண்டு வரும். எலிகளில் கசிவையும் அடைப்பையும் முதல் சில மணி நேரத்திலேயே ஒரே படத்தில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இந்த முறையின் உண்மையான கவர்ச்சி அதுதான்.

கேள்வி: எங்கள் 3 டெஸ்லா மெஷினில் மூளைக்கட்டி நோயாளிகளுக்கு ஏ.பி.டி. நன்றாக வருகிறது. ஐந்தாம் நாள் ரத்தக்கசிவு ஒன்றுக்கு எடுத்தோம். ஒரு ஓரம் சிவப்பு, எதிர் ஓரம் நீலம். மெஷின் கோளாறா? – கோவை டெக்னீஷியன்

பதில்: கோளாறு இரும்பில் இருக்கிறது. முதல் சில மணி நேரம் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைத் தொந்தரவு செய்யாது. அடுத்து வரும் டிஆக்சிஹீமோகுளோபினும் மெட்ஹீமோகுளோபினும் செய்யும். ரத்தக்கட்டியின் ஒரு பக்கம் தண்ணீரின் அலைவரிசை மேலே நகரும், இன்னொரு பக்கம் கீழே. 0.5 பி.பி.எம். நகர்ந்தாலே 64 ஹெர்ட்ஸ் பிசகு. கழித்தல் கணக்கு குளறுபடியாகி, சிவப்பும் நீலமும் எதிரெதிரே உட்கார்ந்துவிடும்.

இரும்பைக் கறுப்பாகக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ.யையும், வழக்கமான எம்.ஆர்.ஐ. படவகையான டி2-வையும் முதலில் எடுத்துவிடுங்கள். காந்தப்புலத்தைச் சீராக்கும் ஷிம் பெட்டிக்குள் கசிவு முழுதும் வரட்டும், முகத்தின் காற்றறைகள் வர வேண்டாம். 3.5-இல் மட்டும் எடுக்காமல் 3, 4 பி.பி.எம்.மிலும் எடுத்து, தண்ணீரின் இடத்தைக் காட்டும் புல வரைபடத்தைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியாகத் திருத்துங்கள். டி2-வில் கறுத்துப்போன புள்ளிகளை எந்தத் திருத்தமும் காப்பாற்றாது. அங்கே சிக்னலே இல்லை, இரைச்சலை இரைச்சலால் வகுத்த எண்தான் வரும். அவற்றை மறைத்துவிட்டே ரிப்போர்ட்டுக்கு அனுப்புங்கள்.

மூளைக்கட்டி நோயாளிகளிலும் ரத்தத்தால் ஏமாறும் ஆபத்து உண்டு. கட்டிக்குள் லேசாக ரத்தம் கசிந்திருந்தால் ஏ.பி.டி. பளிச்சிடும், முற்றிய கட்டி என்று படித்துவிடுவார்கள். எஸ்.டபிள்யூ.ஐ.யைப் பக்கத்தில் வைக்காமல் ஏ.பி.டி.யைப் படிக்கவே கூடாது.

கேள்வி: ரத்தக்கசிவுக்கான சிகிச்சை வேலை செய்கிறதா என்று மூலக்கூறு எம்.ஆர்.ஐ.யை வைத்துச் சொல்ல முடியுமா? – மதுரை மருத்துவ மாணவி

பதில்: ஆய்வுக்கூடத்தில் அதுதான் இலக்கு. சிதைந்த ரத்தம் விடும் இரும்பு, சுற்றியுள்ள நரம்புத் திசுவைக் கெடுக்கிறது. அந்த இரும்பைப் பிடித்து வெளியேற்ற டெஃபெராக்சமின் கொடுத்துப் பார்த்தார்கள்: கிலோவுக்கு 32 மி.கி. வீதம் தினமும், மூன்று நாள். 2019-ல் வெளியான ஐ-டெஃப் சோதனையில் மருந்து பாதுகாப்பானது என்று தெரிந்தது. ஆனால் 90-ஆம் நாள் நிலவரம், பெரிய சோதனைக்குப் போகும் அளவுக்கு நம்பிக்கை தரவில்லை. இங்கேதான் படம் உதவ வேண்டும். நோயாளி நடக்கிறாரா என்று மூன்று மாதம் காத்திருக்காமல், இரும்பும் புரதமும் குறைகின்றனவா என்று முதல் வாரத்திலேயே பார்த்தால் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிப் பார்க்கலாம். முதல் நாட்களுக்கு ஏ.பி.டி. தரும் புரதக் கணக்கு, பிறகு இரும்புக்கு எஸ்.டபிள்யூ.ஐ. வகைப் படங்கள் என்று பிரித்துக்கொள்வதே விவேகம்.

மூலக்கூறு எம்.ஆர்.ஐ.யில் இன்னொரு வழியும் உண்டு: அழற்சி கண்ட ரத்தக்குழாய்ச் சுவரில் விகேம்-1 என்ற புரதத்தைத் தேடி ஒட்டி, அந்த இடத்தைப் படத்தில் காட்டும் ஒரு மைக்ரான் இரும்புத் துகள்கள் விலங்குகளில் வேலை செய்கின்றன. ரத்தக்கசிவில் ஒரு சிக்கல்: துகளும் கறுப்பு, பழைய ரத்தமும் கறுப்பு. துகள் ஏற்றுமுன் ஒரு படம் எடுத்து வைக்காவிட்டால் எது எதுவென்று சொல்ல முடியாது.

கேள்வி: அம்மாவின் தலையில் பழைய அனியூரிசம் கிளிப் (ரத்தக்குழாய்ப் புடைப்பை அடைக்கப் போடும் உலோகக் கிளிப்) இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? – சேலம் வாசகர்

பதில்: டைட்டானியம் கிளிப் என்றால் பொதுவாக எடுக்கலாம். எந்த உலோகம், எந்த மாடல் என்று ஆபரேஷன் குறிப்பில் எழுத்தில் இருக்க வேண்டும். குறிப்பு கிடைக்கும்வரை அறைக்குள் அனுமதிக்க மாட்டார்கள். அனுமதித்தால் நீங்களே மறுத்துவிடுங்கள்.