லேசிக்குக்குப் பிறகு கண் ஏன் காய்கிறது? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கண்ணாடி இல்லாமல் பார்ப்பதற்கான லேசர் சிகிச்சையான லேசிக் செய்து இரண்டு மாதம். பார்வை தெளிவாக இருக்கிறது. ஆனால் மதியத்துக்குமேல் அலுவலகத்தில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, நீரும் வழிகிறது. எரியும்போது மட்டும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து போடுகிறேன். சரியாகிவிடுமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் சொட்டு போடும் முறையை இன்றே மாற்றுங்கள்.

லேசிக்கில் கருவிழியின் மேற்பகுதியை ஏறத்தாழ 100 முதல் 120 மைக்ரான் கனத்துக்குச் சீவி, மூடிபோல் தூக்கிவிட்டு, அடியில் லேசர் பாய்ச்சுவார்கள். கருவிழி நரம்புகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வருபவை. கீலாக விட்டுவைத்த சிறு பகுதி தவிர மற்றப் பக்கமெல்லாம் அவை அறுபடுகின்றன. வலியை உணர்த்துவது மட்டுமல்ல இவற்றின் வேலை. மேற்பரப்பு காய்கிறது என்ற செய்தி இவை வழியாகப் போனால்தான் கண்ணீர்ச் சுரப்பி சுரக்கும், இமையும் தவறாமல் சிமிட்டும். மேற்பரப்புச் செல்கள் ஆறுவதற்கான ஊட்டப்பொருளும் இவற்றிலிருந்தே வருகிறது.

ஆகவே முதல் சில மாதங்களுக்குக் கண் சொல்வதை நம்பாதீர்கள். மரத்த கண் காய்ந்து புண்ணாகியிருந்தாலும் அந்த அளவுக்கு உறுத்தாமல் இருக்கலாம். மருத்துவர் மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால்தான், பாதித்த இடங்கள் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். எரிந்த பிறகு சொட்டு போட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். மருத்துவர் வேறு கணக்குச் சொல்லாவிட்டால், விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துப் போடுங்கள். ஒரு நாளைக்கு 4 தடவைக்குமேல் போனால் பதப்பொருள் (மருந்து கெடாமலிருக்கச் சேர்ப்பது) இல்லாத சிறு குப்பிகளையே வாங்குங்கள். பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்பொருள் அடிக்கடி பட்டால், ஆறவேண்டிய செல்களையே கெடுக்கும். கண் சிவப்பைப் போக்கும் சொட்டுகள் வேண்டவே வேண்டாம்.

கீழிமையை மெல்ல இழுத்து ஒரே சொட்டு விடுங்கள். இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். வேறு மருந்தும் இருந்தால் 5 நிமிடம் இடைவெளி விடுங்கள். பார்வையை மங்கவைக்கும் ஜெல், படுக்கும் முன் கடைசியாக.

வெளியே எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும், குளிர்சாதனக் காற்று முகத்துக்கு நேரே அடித்தால் கண் காயும். இருக்கையை மாற்றிக் கேளுங்கள். திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். இமை அவ்வளவு அகலமாகத் திறக்காது. இப்போது வழியும் நீர் எரிச்சலால் சட்டென ஊறுவது, கண்ணில் தங்காது.

உணர்வு பெரும்பாலோருக்கு 6 முதல் 12 மாதங்களில் திரும்பும். நரம்பின் அடர்த்தி தேற ஆண்டுகள்கூட ஆகலாம். கண் காய்ந்திருக்கும்போது பார்வை அளவும் ஏறி இறங்கும். அதை நம்பி இரண்டாவது லேசருக்கு அவசரப்படாதீர்கள். திடீரென வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சம் கூசினாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஓராண்டாகிவிட்டது. காற்றுப் பட்டாலே எரிகிறது. "கண்ணில் ஒன்றுமில்லை" என்கிறார்கள்.
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: உங்கள் வலி கற்பனையல்ல. அறுபட்ட நரம்பு தாறுமாறாக வளர்ந்தால், காரணமில்லாமலேயே வலிச் செய்தி அனுப்பும். மரப்புச் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனை உண்டா என்று கேளுங்கள். வலி அடங்கினால் கோளாறு கண்ணின் மேற்பரப்பில் இருக்கிறது. அடங்காவிட்டால் நரம்பு மண்டலத்தில் உள்ளே தேட வேண்டும். அதற்கேற்ப சொந்த இரத்தத்தில் தயாரிக்கும் சீரம் சொட்டோ, நரம்பு வலி மாத்திரையோ கொடுப்பார்கள். மரப்புச் சொட்டை வீட்டில் போடவே கூடாது, கருவிழியை அரித்துவிடும். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கினால், சிங்கப்பூர் தேசிய கண் நிலையம் போன்ற இடத்தில் கருவிழி நிபுணரை உதவித்தொகைக் கட்டணத்தில் பார்க்கலாம்.

கேள்வி: மகன் ஸ்மைல் முறை செய்துகொள்ள நினைக்கிறான். அதில் கண் காயாதா?
– வாசகி, ஈசூன்

பதில்: ஸ்மைல் முறையில் மூடிபோல் சீவாமல், லேசரால் கருவிழிக்குள் வெட்டிய மெல்லிய துண்டைச் சிறு வெட்டு வழியாக எடுப்பார்கள். அந்த வெட்டு 2 முதல் 4 மில்லிமீட்டர்தான் என்பதால் குறைவான நரம்புகளே அறுபடும், தொடக்கத்தில் உலர்வும் பொதுவாகக் குறைவு. அறவே இராது என்று சொல்ல முடியாது. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறான் என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். அது இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளை வற்றவைக்கும்.